வரவு

நான் பிறந்தது பிப்ரவரியில்.
அப்பாவின் படகு திரும்பாமல் போனது
அதற்கு முந்தின வாரம்.
அம்மா அதை ஒரே வரியில் எழுதி முடித்தாள்:
"நீ வந்தாய், அவர் போனார்."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.
உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே,
மழை வருகிறது என்பதுபோல.
எனக்கு நான்கு வயது.
அந்த வயதில் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை,
சொன்னதை அப்படியே பதிந்துகொள்கிறோம்:
என் வரவு, அவர் செலவு.

பிறகு நான் நடந்தால் பலகைத் தரை கிறீச்சிடாது.
பால் கேட்கமாட்டேன்; மிஞ்சினால் குடிப்பேன்.
கதவில் இடித்துக்கொண்டால்
கதவிடம் மன்னிப்புக் கேட்பேன்.
(சிரிக்கலாம். யோக்வனும் சிரித்தான்,
கல்யாணமான புதிதில்.)

கிளாக்ஸ்விக் மீன் ஆலையில் கணக்கரானேன்.
வேறு என்ன ஆவேன்?
காட் மீன் இத்தனை பெட்டி, உப்பு இத்தனை மூட்டை.
யாராவது உலர்ந்த ஆட்டிறைச்சி ஒரு துண்டு தந்தால்
ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்துவிடுவேன்.
இந்தத் தீவில் யாரிடமும் பாக்கி வைத்ததில்லை,
ஒருவரைத் தவிர.
அவர் கடலுக்கு அடியில்.

சபைக் கூடத்தில் என் இடம் கடைசி பெஞ்சு, கதவோரம்.
அப்பம் கைக்குக் கை வரும்.
முப்பது வருஷமாக நான் கிள்ளி எடுத்தது
குருவிகூடக் குறைசொல்லும் அளவு.

போன ஞாயிறு பக்கத்தில் எல்ஸ்பா.
குளிர்காலத்திலிருந்து அவளுக்குக் கை நடுக்கம்.
நீட்டும்போது அப்பம் அவள் விரலிலேயே முறிந்து
ஒரு கைப்பிடி என் உள்ளங்கையில் விழுந்தது.
எனக்குப் பின் யாருமில்லை, வாங்கிக்கொள்ள.

வாயில் போட்டேன்.
மென்றேன்.
ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்கியும்
மென்றுகொண்டே இருந்தேன்.
மன்னிக்கவும் என்று சொல்ல
வாயில் இடமில்லை,
ஐம்பத்து மூன்று வருஷத்தில் முதல் முறையாக.

அப்போது பட்டது.
தரிசனம் ஒன்றும் இல்லை,
கணக்கருக்குச் சட்டென்று பிழை தட்டுப்படுமே, அது:
எனக்காக ஒருவர் செத்தார் என்பது சரிதான்.
பெயரைத்தான் மாற்றி எழுதியிருந்தேன்.
அப்பா போனது மீனுக்கு. கொண்டுபோனது காற்று.
எனக்காகச் செத்தவரோ
தாமாக வந்து செலவானவர்,
ரசீது அனுப்பாதவர்.

மாலையில் முதியோர் இல்லத்துக்குப் போனேன்.
அம்மா ஜன்னலருகே, எண்பத்தொரு வயதில்,
இன்னும் அதே படகுக்கு.
அவள் கணக்கை நான் திருத்தவில்லை.
அவளிடமும் நான்கு வயதில்
யாரோ ஏதோ சொல்லியிருக்கக்கூடும்.
சீப்பை எடுத்து முடியை வாரிவிட்டேன்.

"வந்தாயா, மர்யுன்" என்றாள்.
வாக்கியத்தின் மறுபாதிக்குக் காத்திருந்தேன்,
கையில் சீப்போடு.
வரவில்லை.

திங்களன்று எல்ஸ்பா ஒரு பை ரூபார்ப் தந்தாள்.
இன்று வியாழன்.
கம்பளி நூல் கூடையில் கிடக்கிறது,
ஊசிகள் அதில் செருகியபடி.
ரூபார்ப்பை வேகவைத்து, சர்க்கரை தாராளமாகப் போட்டு,
நானே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.