கழுவாத கதவு

உறுதிமொழி எடுத்தாயிற்று, சொல்கிறேன்.
பெயர் வெர்னா போஸ்பிசில்.
தொழில், உடைந்த வண்டிகளை இழுத்து வந்து
வேலிக்குள் போட்டுக் காப்பது.
நாள் வாடகை அறுபத்தைந்து டாலர்.
அழுகிறவர்களிடமும் வாங்குவேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நெப்ராஸ்கா, முப்பதாம் எண் சாலை, மார்ச் மாதம்.
பனி பாதி உருகி
உப்புத் தண்ணீராய்ச் சாலையில் தேங்கிய வாரம்.
அதிகாலை நாலு நாற்பதுக்கு ஷெரிப் அலுவலகம் கூப்பிட்டது.
நான் போனபோது
லாரியின் மஞ்சள் விளக்குகள் இன்னும் சிமிட்டிக்கொண்டிருந்தன.
வாய் திறக்கத் தெரியாதவன்
கண்ணை மட்டும் கொட்டுவது போல.

நீல ப்யூக் காரில் வந்தவர் மார்லிஸ் தோர்சன்,
பள்ளிக்கூடத்துச் சமையல்காரி.
அதற்குள் அவரை எடுத்துப் போயிருந்தார்கள்.
பொருட்பட்டியல் எழுத வேண்டும், டிக்கியைத் திறந்தேன்.
சுடாத ரோல் மாவு, இரண்டு தட்டு,
இலவங்கப்பட்டை வாசனை, மேலே ஈரத்துணி.
அந்தக் குளிரிலும்
மாவு துணியைத் தூக்கிக்கொண்டு உப்பியிருந்தது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'இதர' என்ற இடத்தில் எழுதினேன்.

ஓட்டியவன் அன்செல்மோ இபார்ரா
பள்ளத்தின் ஓரம் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருந்தான்.
தூக்கம் வருகிறது என்று போனில் சொன்னானாம்.
ஓமாஹா போய்த் தூங்கு என்றார்களாம்.
ஆட்சேபமா? இருக்கட்டும்.
காதில் விழுந்ததைத்தான் சொன்னேன்.

இரண்டாம் நாள் இரவு ஒருவர் வந்தார்.
நல்ல கோட்டு, சுத்தமான பூட்ஸ்.
வண்டியில் காகிதங்கள் இருக்கின்றன என்றார்.
ஐந்து நிமிடம், டார்ச் வெளிச்சம்.
போகும்போது அக்குளில் தட்டையாக எதையோ இடுக்கியிருந்தார்,
சாப்பாட்டுத் தட்டைத் திருடிய பையன் மாதிரி.

காலையில் பார்த்தேன்.
கதவு முழுக்க உப்பும் ஐந்து மாநிலத்துச் சேறும்.
நடுவில் மட்டும் ஒரு செவ்வகம்,
கடையில் வாங்கிய அன்றைய கறுப்பு.
வலது கீழ் மூலை மட்டும் உடைந்திருந்தது,
நாய் கடித்த ரொட்டி போல.
காந்தப் பலகை. ஒட்டினால் கம்பெனி,
உரித்தால் யாரோ.

பிறகு கடிதங்கள் வந்தன.
தலைவண்டி ஒரு கம்பெனியுடையது,
பின்னால் இழுக்கும் பெட்டி இன்னொன்றுடையது,
உள்ளே உறைந்த கோழி மூன்றாவதுடையது.
ஓட்டியவன் சொந்தத் தொழில் செய்பவனாம்.
அவனுக்கென்று மிஞ்சியது
பதினெட்டு மணி நேரத் தூக்கம், அதுவும் தூங்காதது.
தோர்சனின் மகன் பொறுப்பு யாருடையது என்று கேட்டான்.
பொறுங்கள் என்று எழுதினார்கள்.
நாற்பது டன்னைப் பொறுத்த அச்சு அங்கே நிற்கிறது.
அதைச் செலுத்தச் சொன்ன ஆளைத்தான் காணோம்.

ஏப்ரலில் ஒரு போன்.
குரலில் தேன்.
லாரியை எங்கள் செலவில் கழுவித் தருகிறோம் அம்மா,
உங்கள் இடம் அசிங்கமாக இருக்குமே.
என் இடம் முப்பது வருடமாக அசிங்கம்தான் என்றேன்.
கதவுக்கு மட்டும் பிளாஸ்டிக் தாள் வாங்கினேன்,
பதினோரு டாலர், ரசீது இருக்கிறது.
மழை வந்த இரவுகளில்
எழுந்துபோய் முடிச்சைப் பார்த்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள். உப்பிய மாவைப் பார்த்தவள்.

நார்த் பிளாட் எடைமேடைக் கேமரா எடுத்த படம்,
விபத்துக்கு முந்தைய நாள், நீங்களே காட்டினீர்கள்.
பலகையில் பெயர், எண், பறக்கும் கழுகு.
வலது கீழ் மூலை உடைசல்.
அளந்து பாருங்கள் என்று நான் சொல்லவில்லை.
அளந்துவிட்டார்கள்.

அந்தப் பலகையைக் கண்ணால் கண்டாயா என்கிறீர்கள்.
இல்லை.
அது இல்லாத இடத்தைத்தான் கண்டேன்,
விளிம்பு பிசகாமல்.

முடிந்ததா? எனக்கும் ஒரு கேள்வி.
இன்றோடு நூற்றுப் பன்னிரண்டு நாள்.
ஏழாயிரத்து இருநூற்று எண்பது டாலர்,
பிளாஸ்டிக் தாள் தனி.
மூன்று வக்கீல்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.
பில்லை
யார் பெயருக்கு எழுதட்டும்?