சம்மதம்

இசிப்பிங்கோ கோயிலில்
கூழ் ஊற்றி முடிந்தது.
மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு என் கையில்.

தெளித்ததும் ஆடு துளுக்க வேண்டும்.
துளுக்கினால் சம்மதம்.
சம்மதிக்காத ஆட்டை நான் கண்டதில்லை
என்பார் பூசாரி மூன்சாமி, பெருமையாக.

விலங்குநலச் சங்கத்துக் கெர்ஷ்னி,
என் சித்தி மகள்தான்,
பூட்ஸை வெளியே கழற்றிவிட்டு வந்தாள்.
சட்டம் எதுவும் பேசவில்லை.
"இங்க ஆடின்னா குளிர், அண்ணா.
தண்ணியச் சுடவச்சுக் கேளுங்க."

கூழடுப்பில் இன்னும் தணல் இருந்தது.

வெதுவெதுப்பாக ஊற்றினேன்,
கொம்பிடையில், பிடரியில், முதுகு நெடுக.
எண்ணெய்க் குளியல் பிள்ளைபோல
கண்ணை மூடிக்கொண்டு நின்றது.

தப்பு நின்றது.
மூன்சாமி என்னைப் பார்க்கவில்லை.
"இன்னொரு சொம்பு" என்றது
பின்னாலிருந்து ஒரு குரல்.

சொம்பு காலி.
குழாய்
கையெட்டும் தூரத்தில்
சொட்டிக்கொண்டிருக்கிறது.