இரண்டு மணி முதல் நான்கு வரை

கயாக் என்ற சொல் எங்களுடையது.
படகுகள் போலந்திலிருந்து வந்தவை,
மஞ்சள் நிறம், எல்லா இடுப்புக்கும் ஒரே அளவு.
ஆறு பேரை அவற்றுக்குள் செருகி
நீர்புகாத் துணியை விளிம்பில் இழுத்து மாட்டி
கடலுக்குள் தள்ளிவிடுவது என் வேலை.
ஐந்து நாள். சாப்பாடு உட்பட.

முதல் நாள் எல்லோரும் பேசினார்கள்.
கெர்த்ரூடும் ஏபேயும் இரட்டைப் படகில்.
முன்னால் அவள் துடுப்பு திரும்புமுன்
பின்னால் அவன் துடுப்பு அதன் முதுகில் விழ
முப்பத்தொரு வருடக் கல்யாணம்
டக் டக்கென்று ஃபியார்டு முழுக்கக் கேட்டது.
மறுநாள் பிரித்து உட்காரவைத்தேன்.
இருவரும் நன்றி சொன்னார்கள்,
தனித்தனியாக வந்து.

மிதக்கும் பனிக்கு நடுவே போனால்
தண்ணீர் பொரியும்.
அடைபட்ட காற்று
குமிழ் குமிழாக வெளியேறுகிற சத்தம்.
எத்தனை வருடத்துக் காற்று என்று லீஸ்பெத் கேட்டாள்.
வாரத்துக்கு ஒரு எண் சொல்வேன் நான்.
எல்லா எண்ணுக்கும் ஒரேமாதிரிதான்
வாய் பிளக்கிறார்கள்.

மூன்றாம் நாள் பனியாற்றின் எதிரே கூடாரம்.
கருவியின் வரைபடத்தில் பார்த்தால்
நாங்கள் ஆணியடித்திருப்பது பனிக்குள்ளே,
விளிம்பிலிருந்து எண்ணூறு மீட்டர் உள்ளே.
வரைந்தவர்மேல் தப்பில்லை.
இந்தக் கல்லில் பாசிகூட
இன்னும் குடிவரவில்லை.

நாள் முழுக்க கேமராவோடு காத்திருந்தார்கள்.
அது வாய் திறக்கவில்லை.
காசு கொடுத்தவர்களின் பார்வையோடு
முதலில் அதைப் பார்த்தார்கள்,
பிறகு என்னை.

ராத்திரி கரடிக்காவல். ஆளுக்கு இரண்டு மணி நேரம்.
இரண்டு முதல் நான்கு ஹில்டிங்.
கோத்தன்பர்க்கில் நாற்பது வருடம் டிராம் ஓட்டியவர்.
நாய்க்கும் குடிகாரனுக்கும் குழந்தைவண்டிக்கும்
மணியடித்து மணியடித்தே ஓய்வு பெற்றவர்.
விசிலை அவர் கழுத்தில் மாட்டினேன்.
வெள்ளையாக ஏதாவது நகர்ந்தால் ஊதுங்கள்.
'இங்கே எல்லாமே வெள்ளைதானே, நிவிக்கா?'
நகர்ந்தால், என்றேன்.

ஆறு மணிக்கு வெளியே வந்தேன்.
கற்களில் ஈரக்கோடு,
ஓதத்துக்கு நான் வைத்த அடையாளத்தைத் தாண்டி
நான்கடி மேலே.
கெர்த்ரூடின் கூடாரக் கயிற்றில் கடற்பாசி
உலரப்போட்ட துணிபோல.
ஓரத்துப் படகு குப்புறக் கிடந்தது.
எதிரே சுவரில்
நேற்றில்லாத ஒரு நீலம்.

இடிமாதிரி ஏதோ எனக்கும் கேட்டிருந்தது.
கனவென்று திரும்பிப் படுத்திருக்கிறேன்.

ஹில்டிங் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்.
விசில் இன்னும் பல்லிடுக்கில்.

ஆறு உயிர், ஹில்டிங், என்றேன்.
இன்னும் ஐந்தடி ஏறியிருந்தால்
தூக்கத்தோடு ஆறு உயிர்.
எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் டேனிஷில் திட்டி
போதாமல் எங்கள் மொழிக்கு வந்தேன்.
முழுதும் கேட்டுக்கொண்டார்.
பிறகு விசிலை எடுத்துத் துடைத்துவிட்டு,
'ஊதத்தான் வாயில் வைத்தேன்.
மூச்சு என்னிடம் இல்லை' என்றார்.

மற்றவர்கள் எழுந்து வந்தார்கள்.
கயிறு ஏன் நனைந்திருக்கிறது?
ஓதம், என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேன் என்று
இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.
ஏபே காபி கேட்டான்.

திரும்பும் வழியில் லீஸ்பெத்
துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்:
நேற்று இப்படியா இருந்தது?
முன்னால் போன ஹில்டிங்கின் துடுப்பு
ஒரு வீச்சு நின்று
மறுபடி விழுந்தது.

பதிவேட்டில் எழுதினேன்:
மூன்றாம் இரவு. கரடி இல்லை.
ஓதம் அதிகம்.

அடுத்த வாரம் வேறு ஆறு பேர்.
கூடாரங்களை முப்பதடி மேலே ஏற்றினேன்.
இரண்டு முதல் நான்கை
நானே எடுத்துக்கொண்டேன்.
விசிலைப் பல்லில் கடித்து உட்கார்ந்திருந்தேன்.
கரடியும் நகரவில்லை, சுவரும் நகரவில்லை.
ராத்திரிச் சூப்புப் பாத்திரம் கழுவாமல் கிடந்தது.
கழுவினேன்.