செகண்ட் விழாத வண்டி

"ஃபர்ஸ்ட்ல இருந்து நேரா தேர்டுக்குப் போயிடுங்க,
பழகிடும்" என்று சொல்லித்தான் விற்றார்
பாலக்கோட்டு மாட்டு டாக்டர் தேவேந்திரன்.
பழகியும் விட்டது.
நல்லம்பள்ளியிலிருந்து ஓமலூர் லேபுக்கு ஏழு மாதம்
மூன்றில் திணறி ஏறி, மூன்றிலேயே இறங்கினேன்.
தொப்பூர் கணவாயில் மட்டும்
பிரேக் தீய்ந்த வாசனை
கைப்பைக்குள் ஏறி என்னோடு வேலைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை இரட்டைப் பாலத்துக்கு மேலே
மிதி கொஞ்சம் ஆழமாகப் போனது.
அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை.
முன்னால் போன வெங்காய லாரியின் பின்பலகையில்
பெயின்டர் போட்ட கையெழுத்தைப் படிக்கும் அளவுக்கு
நெருங்கியிருந்தேன்.

கடைக்காரர் "ஃபைவ் எடுத்துக்கங்க, ஒசத்தி" என்றார்.
"ஃபோர்தான். உள்ளே பித்தளை இருக்கு."
என்னை ஒரு முறை பார்த்துவிட்டு
எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா
என்றும் பார்த்தார்.

ஞாயிறு.
அதியமான்கோட்டை வரை ஓட்டித் திரும்பினேன்,
சூட்டில்தான் ஆயில் இளகி இறங்கும்.
நாலு சக்கரத்துக்கும் நாலு கிரானைட் துண்டு.
ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்; வாசலைவிட
மாருதி நேராக நின்றது.

அடியில் படுத்தால் இரண்டு நட்டு.
கீழே இருப்பது காலி செய்ய,
பக்கவாட்டில் உயரத்தில் இருப்பது நிரப்ப.
முதலில் நிரப்பும் நட்டைத் திற.
அது வராவிட்டால் கீழ் நட்டைத் தொடாதே.
கொட்டிய பிறகு ஊற்ற வழியில்லை என்றால்
வண்டி அங்கேயே கிடக்கும்.
இதை என் இருபத்தாறாம் வயதில்
யாராவது சொல்லியிருந்தால்...
சரி, அது வேறு கதை. ஸ்பானரை எடு.

வரவில்லை.
யாரோ ஒரு அவசரக்காரன் தப்பான அளவு போட்டு
முனைகளை மழுக்கியிருக்கிறான்.
துருவுக்கு ஸ்பிரே அடித்தேன். காத்திருந்தேன்.
சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி காத்திருந்தேன்.
பக்கத்து வீட்டு மாதையன், போர்வெல் வண்டிக்காரர்,
குனிந்து என் செருப்பிடம் பேசினார்:
"மெக்கானிக் யாரும் சிக்கலையாம்மா?"
"உங்ககிட்ட மூணடி பைப்பு இருக்குமாண்ணே?"

ஸ்பானரில் பைப்பைச் சொருகி, மூச்சைப் பிடித்து
ணக்.
நாய் எழுந்து இடம் மாறிப் படுத்தது.

பிறகுதான் கீழ் நட்டு.
கந்தகமும் அழுகிய பூண்டும் கலந்த நாற்றம்.
கருப்பு; கருப்புக்குள்
கல்யாணப் பட்டு போல மினுக்கிய பித்தளைப் பொடி.
நட்டின் காந்த முனையில் இரும்பு மயிர்
நனைந்த எலிக்குட்டி மாதிரி ஒட்டியிருந்தது.
டாக்டரின் பதினோரு வருஷம் அது.
கன்று குறுக்கே கிடக்கிறது என்று
மாரண்டஹள்ளிக்கும் பென்னாகரத்துக்கும்
நடுராத்திரி, கிளட்சைப் பாதி மிதித்து
நெட்டித் தள்ளிய செகண்ட் அத்தனையும்.
கோபம் வரவில்லை.
பழைய நைட்டித் துணியில் துடைத்தேன்.

புதியது தேன் நிறம். குழாய், புனல்.
லேபில் எல்லாவற்றுக்கும் கோடு உண்டு, எண் உண்டு.
இதற்கு வழிவதுதான் அளவு.
இரண்டு லிட்டர் தாண்டிக் கொஞ்ச நேரத்தில்
துளையின் உதட்டில் திரண்டு
என் முழங்கை வழியாக அக்குளுக்கு வந்தது.
போதும் என்று மூடினேன்.
சப்பாத்தி மாவு அன்றிரவு என்னிடம் வர மறுத்தது,
ஓட்டலில் வாங்கினேன்.

திங்கள் காலை. பாளையம் டோல்கேட் தாண்டி
சாலை தலையைக் கவிழ்க்கும் இடம்.
நியூட்ரலில் இறங்காதே என்று பலகை.
கிளட்ச். நடுவில் ஒரு மூச்சு. பின்னால் இழுத்தேன்.
கர்ர் என்று ஒரு முணுமுணுப்பு, அதுவும் பாதிதான்.
விழுந்தது.
எத்தனையோ பேர் விழுந்த இறக்கத்தில்
விழுந்தது, விழுந்தது என்று
தனியாகக் கத்திக்கொண்டு போனேன்.

இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டது.
கால் பிரேக்கின் மேல் சும்மா கிடந்தது.
பின்னால் ஒரு சேலம் பஸ்
ஹாரன் அடித்தபடி வந்தது.
அடிக்கட்டும்.