நாளுக்கு ஒன்றே முக்கால் லிட்டர்

சித்திரையில் என் தொட்டியிலிருந்து
நாளுக்கு ஒன்றே முக்கால் லிட்டர் ஆவியாகிறது.
தண்ணீர் போய்விடும்.
உப்புக்குப் போக இடமில்லை,
வெளிப்பாளையத்து வாடகை வீட்டு மாடியில்
கண்ணாடிக்குள் இறுகிக்கொண்டே வரும்.

கடல் இங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்.
'அவ்வளவு கிட்டக்க இருக்கறப்ப
காசு குடுத்து ஒண்ணு வாங்கணுமா?'
கீழ்வீட்டு மெகர்நிஷா கேட்டு
இரண்டு வருஷமாகிறது. பதில் சொல்லவில்லை.

முதலில் மிதவை வைத்த மோட்டார்தான் வாங்கினேன்.
மட்டம் இறங்கினால் ஓடும், ஏறினால் நிற்கும்
என்று பெட்டியில் போட்டிருந்தது.
நத்தை ஒன்று மிதவைமேல் ஏறி உட்காரும்
என்று போட்டிருக்கவில்லை.
எனக்கு அன்று இரவுப் பணி.
காலையில் பூட்டைத் திறந்தால்
இருபது லிட்டர் கேன் காலி,
கூடமெல்லாம் ஈரம்,
விரித்த கையாய் இருந்த பவளம்
முஷ்டியாகியிருந்தது.
நத்தை நலம்.

நாகூர்க் கடையில் ஜெகபர் சாதிக்
மூன்று டோசிங் பம்புகளை எடுத்து வைத்தார்.
ஒன்று போனோடு பேசுமாம்.
ஒன்றுக்கு நாலு தலை.
மூன்றாவது சாம்பல் நிறம், அதைப்பற்றி அவருக்கே
சொல்ல ஒன்றுமில்லை.
நான் கேட்டேன்:
கெட்டுப்போகிற அன்றைக்கு
இது திறந்தபடி கெடுமா, மூடியபடியா?
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பதினோரு வருஷமாய் டயாலிசிஸ் டெக்னீஷியன் நான்.
சாம்பல் பம்பின் மூடியைக் கழற்றினேன்.
மூன்று உருளை, சுற்றி வளைந்த சிலிகான் குழாய்.
வார்டில் இரத்தத்தைத் தள்ளும் அதே சக்கரம்,
பொம்மை அளவில்.
ஏதாவது ஓர் உருளை
குழாயை மிதித்தபடியே இருக்கும்.
கரண்ட் போனாலும் காலை எடுக்காது.

சமையல் மேடையில் வைத்து
ஐம்பது மில்லி சிரிஞ்சால் அளந்தேன்.
நூறு கேட்டால் தொண்ணூற்றேழு.
மறுபடி தொண்ணூற்றேழு.
பத்தாவது தடவையும் தொண்ணூற்றேழு.
தப்புதான், ஆனால் மாறாத தப்பு,
கணக்கில் சேர்த்துவிடலாம்.

கேனைத் தொட்டிக்குக் கீழே வைத்தேன்.
மேலே வைத்தால் பம்பை மட்டும் நம்ப வேண்டும்.
கேனில் நாலு லிட்டருக்கு மேல் ஊற்றுவதில்லை.
இல்லாத தண்ணீரை
எந்த மெஷினாலும் கொட்ட முடியாது.

மூன்றாம் நாற்காலி தைரியநாதன்
வெட்டாற்றில் ஷட்டர் ஏற்றி இறக்கும் லஸ்கர்,
வயது நாற்பத்தொன்று.
செவ்வாய், வியாழன், சனி என்னிடம் வருவார்.
'மீனுக்கு எவ்ளோ சிஸ்டர்?'
'ஒண்ணே முக்கால் லிட்டர்.'
'எனக்கு?'
அவருக்கே தெரியும்.
எழுநூறு மில்லி, ரசமும் மோரும் சேர்த்து.
பம்பைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார்.
'நம்ம ஷட்டர் ரெண்டு விதமாவும் மாட்டிக்கும்.
தொறந்து மாட்டுனா கீழூர் திட்டும்,
மூடி மாட்டுனா மேலூர்.
திட்டு வர்ற தெசைய வச்சே
ஷட்டர் எப்புடி நிக்கிதுன்னு சொல்லிருவேன்.'

வேளாங்கண்ணிக் கொடி இறங்கிய வாரம்
மூன்று கிலோ தண்ணீரோடு வந்து படுத்தார்.
திருவிழா, வெயில், மாமியார் வீடு.
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
சக்கரத்தைச் சுற்றவிட்டு
நாலு மணி நேரம் பக்கத்தில் நின்றேன்.

அன்றிரவு வீட்டில்
பம்புக்கு அடியில் ஒரு ரூபாய் அளவு ஈரம்.
தொட்டியா, குழாயா?
கண்ணாடி என்றால் நான் தொலைந்தேன்.
மண்டியிட்டு, விரலால் தொட்டு, நாக்கில் வைத்தேன்.

நல்ல தண்ணீர்.

குழாய்க்கு ஐந்து மாதம் ஆகிறது,
மிதிபட்ட இடத்தில் மயிரிழை விரிசல்.
மாற்றுக் குழாய் டிராயரில் இருக்கிறது,
வாங்கும்போதே இரண்டாக வாங்கியது.
பிளக்கைப் பிடுங்கினேன்.
மறு பக்கத்துக் கண்ணாடியில் நத்தை
நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.