நாற்பது மில்லி வினாடி

வெண்கலக் கட்டைகள் பத்து எனக்கு,
பத்து அவளுக்கு.
பெயரளவில் ஒரே சுரங்கள்.
அவளுடையது மட்டும் ஒரு மயிரிழை தூக்கல்,
வார்த்தவரே அப்படித்தான் வார்த்தார்.
சேர்த்துத் தட்டினால் நடுவில் அலை எழும்பும்,
வண்டு சிக்கிய குடம்போலக் காற்று அதிரும்.
தாழ்ந்ததை முரல்வது என்கிறோம்,
ஏறியதை உறிஞ்சுவது என்கிறோம்.
நான் முரல்பவள்.
சுகெர்த்தி உறிஞ்சுபவள்.

சீட்டுப் பணத்தில் தொடங்கியது.
என் முறை வந்த மாதம் அவள் தரவில்லை.
தந்தேன் என்கிறாள்.
பதினோரு வருஷம்.
கோயிலில் எதிர்ப்பட்டால் இருவருக்குமே
தலைப்பூவைச் சரிசெய்யும் வேலை வந்துவிடும்.
ஆனால் வாரம் இருமுறை ஊர் மண்டபத்தில்
முழங்காலுக்கு முழங்கால்:
நான் விட்ட இடத்தில் அவள் சுத்தியல்,
அவள் விட்ட இடத்தில் என் சுத்தியல்.
ஒருத்தியால் ஆகாத வேகம்.
கேட்பவருக்கு ஒருத்திதான் வாசிக்கிறாள்.

தென்பசாரிலிருந்து பாஜ்ரா வந்தான்,
மடிக்கணினி, வயர்க் குவியல்,
குமிழ்கள் முளைத்த ஓர் இரும்புப் பெட்டி.
"உங்களோடு இதுவும் வாசிக்கும்."
அந்தச் சனிக்கிழமை உலோகங்களுக்குப் படையல் நாள்.
அரிவாள், ஸ்கூட்டர், வெண்கலம்
எல்லாவற்றுக்கும் பூ வைத்த கையோடு
பெட்டிக்கும் ஒரு தென்னங்குருத்துத் தட்டு வைத்தோம்.
ஊதுவத்திச் சாம்பல் விசைப்பலகையில் உதிர்ந்தது.
கும்பிட்டுவிட்டு
ஊதித் தள்ளினான்.

ஒவ்வொருத்தியையும் தனித்தனியே பதிந்தான்.
தனியே கேட்டால் என் பங்கு
பல் போன சீப்பு.
அவளுடையதைக் கேட்காமலிருக்க
வெளியே போய்
செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் இருக்க
ஈர வளைவில் சறுக்கி விழுந்து
தோள் எலும்பு உடைந்தது சுகெர்த்திக்கு.
"கவலைப்படாதீர்கள் அக்கா,
அவர் பங்கு என்னிடம் இருக்கிறது.
சுத்தம் செய்து வைத்திருக்கிறேன்."
அவள் கட்டைகளுக்குப் பின்னால்
ஒரு ஸ்பீக்கரை உட்காரவைத்தான்.
கறுப்பு வெள்ளைக் கட்டம்போட்ட துணியை
அதன் இடுப்பிலும் சுற்றினோம்.

தேசாக் மிர்யா ஆட வந்தாள்.
பொன்னிறத் தோல் கிரீடத்தில் செண்பகம் நடுங்க,
பெட்டியிலிருந்து கடலடி உறுமல் ஒன்று,
நீளமாய், மூச்சு வாங்காமல்.
அவள் கண்மணி வலது மூலைக்கு வெட்டியது.
வெட்டிய கணம் மத்தளக்காரர் அறைந்தார்,
இருபத்தைந்து பேரும் நின்றோம்.
உறுமல் மட்டும் போய்க்கொண்டிருந்தது,
வீட்டில் யாரோ இறந்தது தெரியாத
குளிர்சாதனப் பெட்டிபோல.
அதுவும் நன்றாகத்தான் இருந்தது.
அவள் ஒற்றைக் காலில் நின்றாள்,
அந்தச் சத்தத்தின்மேல் நிற்பதுபோல.

அப்புறம் வேகப் பகுதி.
ஸ்பீக்கர் பிழையே விடவில்லை.
நான்காம் சுற்றின் வளைவில்
என் மணிக்கட்டு வழக்கம்போல் பிந்தியது
(பழைய வலி, யாரிடமும் சொன்னதில்லை).
அங்கே எப்போதும் இருக்கும் இடம்
இல்லை.
இருட்டில் இன்னொரு படி உண்டென்று
கால் வைத்தவள்போல் ஆனேன்.
மிர்யா என் பக்கம் பார்த்தாள்,
ஆட்டத்தில் இல்லாத பார்வை.
கூட்டம் அதையும் புதுமை என்று கைதட்டியது.

வயர் சுருட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டேன்:
"அவள் பங்கில் என்ன சுத்தம் செய்தாய்?"
"ஓரிடத்தில் சின்னத் தாமதம் அக்கா.
சுற்றுக்குச் சுற்று அதே வளைவில்,
நாற்பது மில்லி வினாடி.
நேராக்கிவிட்டேன்."
"தனியாக வாசித்தபோதுமா?"
"தனியாக வாசித்ததைத்தானே பதிந்தேன்."

மறுநாள் ஒரு பப்பாளியோடு
அவள் வாசலில் நின்றேன்.
கையைத் துணியில் தொங்கவிட்டிருந்தாள்.
"ஸ்பீக்கர் எப்படி?"
"அவசரக்காரி" என்றேன்.
நாய் குரைத்து ஓய்ந்தது.
"சீட்டுப் பணத்தை நான் தந்தேன்" என்றாள்.
"தரவில்லை" என்றேன்.
காலால் முக்காலியை
என் பக்கம் தள்ளினாள்.