யோசனைப் பெட்டியின் சாவி

கவுனஸ் நகரத்தில்
மருத்துவமனைக் கட்டில்களுக்குச் சக்கரம் செய்யும் ஆலை.
கணக்கெழுதுவது நான்.
யோசனைப் பெட்டியின் சாவியும் என்னிடம்தான்.
பதினொரு வருடமாக
மாதக் கடைசியில் திறக்கிறேன்:
மிட்டாய்த் தாள், பேருந்துச் சீட்டு,
ஒருமுறை ஒரு பல்.
யாருடையதென்று இன்றுவரை தெரியாது.

நல்ல யோசனைக்கு ஐம்பது யூரோ என்றது நிர்வாகம்.
பிறகு நூறு.
நூற்றைம்பதுக்கு ஏற்றியபோது
'கழிப்பறையில் வெந்நீர் வேண்டும்' என்று
கையெழுத்தில்லாமல் ஒன்று வந்தது.
அதுவும் நல்ல யோசனைதான்.

பதினான்காம் மேசையில் டாங்குவொலே.
பேரிங் பொருத்துவாள், நாளைக்கு நானூறு.
கை தன்பாட்டில் ஓடும்
கண் கடிகாரத்தில் இருக்கும்.

பிப்ரவரியில் அவள் கணவனுக்கு நுரையீரலில் நீர்.
ஒன்பது பேர் படுத்திருந்த கூடத்தில்
ஆறு இரவு பிளாஸ்டிக் நாற்காலி.
இரண்டு மணிவாக்கில் யாரையோ தள்ளிக்கொண்டு போவார்கள்.
கீ...ச்.
ஒன்பது பேரும் விழிப்பார்கள்.
அசந்தவனுக்கு வலி
மறுபடி ஞாபகம் வரும்.

மூன்றாம் இரவு குனிந்து பார்த்தாள்.
சக்கரத்தின் உள்விளிம்பில்
எங்கள் முத்திரை.
பக்கத்தில் பொடி எழுத்தில்: 14.

திரும்பி வந்தவள் அன்று செய்தது இருநூற்றுப் பத்து.
மேற்பார்வையாளர் ரிம்காவ்தாஸ் கத்திக்கொண்டிருந்தார்.
அவள் பழைய குளிர்காலச் செருப்பைக் கிழித்து
கம்பளியை வளையமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.
தரை துடைத்த ஈரத்தில் அது ஊதிப்போனது.
சைக்கிள் டியூப் தரையெல்லாம் கரியாக்கியது.
ஜிவிலே வீட்டிலிருந்து
கேக் சுடும் சிலிக்கோன் அச்சைக் கொண்டுவந்தாள்,
கேட்காமலே.

ஷிப்ட் முடிந்த பிறகு சோதனை.
வாசலில் தூங்கும் காவலாளி எய்மான்டாஸைத் தாண்டி
கட்டிலைத் தள்ளவேண்டும்.
மூன்று முறை விழித்துத் திட்டினார்.
நான்காம் முறை
குறட்டை அறுபடவில்லை.
இருட்டில் ஐந்து பெண்கள்
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சக்கரத்துக்கு நான்கு சென்ட் கூடுதல் செலவு.
கணக்குப் போட்டவன் நான்.
நூற்றைம்பது யூரோவை வாங்கிப்போக
அவளுக்கு இரண்டு தடவை சொல்லியனுப்ப வேண்டியிருந்தது.

நிர்வாகம் உடனே பாடம் கற்றது:
பேருந்து பிடித்து
எல்லோரையும் மருத்துவமனைக்கு அழைத்துப்போனது.
சிலர் பேசாமல் திரும்பினார்கள்.
சிலர் வழியில் தூங்கினார்கள்.
கெஸ்துதிஸ் வரவே இல்லை.
'சம்பளத்துக்கு வேலை செய்கிறேன், அது போதாதா?' என்றான்.
அவன் சக்கரமும் நன்றாகத்தான் ஓடுகிறது.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

டாங்குவொலேயின் கணவன் வீடு வந்துவிட்டான்.
குறட்டை விடுகிறானாம்.
அதற்கு அவளிடம் யோசனை இல்லையாம்.

நேற்று எல்லோரும் போன பிறகு
பெட்டியில் நானும் ஒன்று போட்டேன்:
சம்பளச் சீட்டின் எழுத்தைப் பெரிதாக்கலாம்,
பதினான்காம் மேசையில் ஒருத்தி
அதை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் படிக்கிறாள்.

மாதக் கடைசியில்
புதிதாய்ப் பார்ப்பதுபோல் பிரிக்கவேண்டும்.